வட்டத்துக்குள் இருபத்தைந்து

ஏட்டு நரசிம்மலு தொப்பியைக் கழற்றி டி.வி. பெட்டியின் மேல் வைத்தபோதே அப்துல் கையூமின் மானம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி வாசலில் ஸ்டாண்டு போட்டு நின்றுகொண்டிருந்தது.

உக்கடத்துச் சந்துகளில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்பவை. ஒரு வீட்டு டி.வி. மேல் போலீஸ் தொப்பி இருந்தால், எதிர் வீட்டு ஜன்னலுக்கு அன்றைய ஞாயிற்றுக்கிழமைப் படம் அதுதான். கையூம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தலாமா என்று யோசித்தார். சாத்தினால் உள்ளே என்னமோ நடக்கிறது என்று இன்னும் நாலு ஜன்னல் திறக்கும். அதனால் உட்கார்ந்தபடியே சிரித்து வைத்தார்.

"ஏனுங்க பாய், வெளிய நிக்குற ஸ்கூட்டர் உங்களுதுங்களா?" என்று ஏட்டு ஆரம்பித்தார்.

"ஆமாங்க."

"பின்னாடி வட்டம் போட்டு இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்குதுங்களே, அந்த வண்டி?"

"கோயமுத்தூர்லயே அது ஒண்ணுதானுங்க" என்றார் கையூம், கொஞ்சம் பெருமையாகவே. பெருமைப்பட்டது தப்பு என்று அடுத்த வாக்கியத்தில் தெரிந்துவிட்டது.

"போன வெள்ளிக்கிழமை மத்தியானம் பொள்ளாச்சி ரோட்டுல ஈச்சனாரிகிட்ட டூட்டியில நின்னுட்டு இருந்தனுங்க. இந்த வண்டி போச்சு. விசிலடிச்சேன். நிக்கலீங்க."

கையூம் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

அந்த வட்டத்தையும் இருபத்தைந்தையும் பற்றிச் சொல்லாவிட்டால் அவருடைய அவமானத்தின் அளவு புரியாது. லாரிகளின் முதுகில் வட்டம் போட்டு ஒரு எண் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த வண்டி இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்பதற்காக எழுதுவது. ஸ்கூட்டருக்கு அப்படி யாரும் எழுதுவதில்லை. கையூம் எழுதியிருந்தார். ஒரு மில்லில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, ஸ்டெப்னி டயரின் உறைமேல் மஞ்சள் பெயின்ட்டில், தன் கையாலேயே.

ஏன் இருபத்தைந்து என்று கேட்டால் மகிழ்ந்துபோவார். சாலை விதிகளில் ஒன்று இருக்கிறது: எதிரே ஊர்வலம் வந்தாலோ, ரோடு போடும் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தாலோ அவர்களைக் கடக்கும்போது இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. எல்லாரும் ஊர்வலத்தைப் பார்த்த பிறகு வேகத்தைக் குறைப்பார்கள். கையூமின் கட்சி வேறு. "ஊர்வலம் எந்த முக்குல திரும்பி வரும்னு யாருக்குங்க தெரியும்? எப்பவும் இருபத்தஞ்சுலயே போயிட்டா குறைக்கற வேலையே இல்லை பாருங்க" என்பார். கட்டி இழுக்கப்படும் வண்டிக்கு இருபத்தி நாலு என்று விதி. அதைவிட ஒன்றே ஒன்று அதிகம் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே வேகப் பெருமை.

ஊரில் அவருக்கு இருபத்தஞ்சு பாய் என்று பெயர். சைக்கிள்காரர்கள் அவரைத் தாண்டிப் போகும்போது சலாம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் மனைவி சித்திகா, கல்யாணமான நாளிலிருந்து பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து அந்த வேகத்திலேயே வாழ்க்கையைப் பார்த்துவருகிறாள். போத்தனூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மகள். சின்ன வயதில் கடை சைக்கிள்கள் எல்லாவற்றையும் ஒருகை பார்த்தவள் என்று அவள் தங்கை சமீரா சொல்லியிருக்கிறாள். கையூம் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

மில் மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஒரு வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளைக்கு வெட்கம் எங்கெங்கிருந்தெல்லாம் வரும் என்று அவருக்குத்தான் தெரியும். பால்காரர் மணி அடித்தால் வெட்கம். சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை வைத்தால் வெட்கம். அந்த நேரத்தில்தான் குறிச்சிப் பக்கம் நர்சரிப் பள்ளி நடத்தும் தம்பிதுரை, ரோட்டில் இந்த மஞ்சள் வட்டத்தைப் பார்த்தார். அவர் பள்ளி வேனை அதுவரை ஓட்டியவர் டவுன் பஸ்களோடு பந்தயம் போடுகிறவர். அம்மாமார்கள் தினமும் வந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பிதுரை தன் காரைக் கையூமின் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்து, பொறுமை தாங்காமல் நிறுத்தி, வேலை பேசி முடித்துவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து பள்ளி வேன் கையூமுடையது. சாவியை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் இது. தம்பிதுரை எந்த நிமிடமும் வரலாம். டி.வி. மேல் தொப்பி இருக்கிறது. ஏட்டின் மடியில் ஒரு மஞ்சப்பை.

அந்தப் பையைப் பார்த்ததும்தான் கையூமுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. பைக்குள் ஏதோ தடிமனாக, ஒரு முனை வளைந்து இருந்தது. ஏட்டு அதை இரண்டு கையாலும் பிடித்திருந்த பதனம், அதற்குள் இருப்பது கத்தரிக்காய் இல்லை என்று சொன்னது.

வேகத்தை அளக்கும் துப்பாக்கி ஒன்று போலீசுக்கு வரப்போகிறது என்று போன மாதம்தான் டீக்கடையில் பேப்பரில் படித்திருந்தார். எப்படி அளக்கிறது என்று தானே யோசித்துக் கண்டுபிடித்து, வீட்டில் எல்லாருக்கும் விளக்கியும் இருந்தார். போத்தனூர் ஸ்டேஷனில் நிற்காமல் போகிற ரயில் கூவிக்கொண்டு வருமே, கிட்டே வரும்வரை குரல் கீச்சென்று இருக்கும். நம்மைத் தாண்டியதும் தடித்துப்போகும். ரயில் தன் குரலை மாற்றவில்லை. அதன் வேகம்தான் நம் காதுக்குக் குரலை மாற்றிக் காட்டுகிறது. அந்தத் துப்பாக்கியும் அப்படித்தான், காதுக்குக் கேட்காத ஒரு அலையை வண்டிமேல் வீசும். திரும்பி வரும் அலை எவ்வளவு மாறியிருக்கிறதோ அதை வைத்து வேகத்தைச் சொல்லிவிடும். அதோடு வாதாட முடியாது.

சரி, ஓட்டியது யார்? வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் ஜும்மாவுக்குப் போயிருந்தார். பள்ளிவாசல் பக்கத்தில்தான் என்பதால் நடந்தே போவார். தொழுகை முடிந்து, கை கால் கழுவும் ஹவுசுத் தொட்டி ஓரமாக உட்கார்ந்து யாருக்காவது பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிவிட்டு மெதுவாகத்தான் திரும்புவார். வண்டி வாசலில் இருந்தது. சாவி ஆணியில் இருந்தது. வீட்டில் இருபது வயதில் ஒரு மகன் இருந்தான். பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கண்ணாடி முன்னால் நிற்கும் நேரத்தைப் பார்த்தால் வேகமாக ஓட்டக்கூடியவன்தான்.

ஆஸிம்தான். வேறு யார்.

அப்போது சித்திகா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சமையல்கட்டிலிருந்து வந்து, எதிர் வீட்டில் சர்க்கரை வாங்கிவருவதாக முணுமுணுத்துவிட்டு வாசலுக்குப் போனாள். போகிற அவசரத்தில் பாத்ரூம் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள், ஒன்று நீலம், ஒன்று பச்சை. ஏட்டு அந்தக் கால்களை ஒரு கணம் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு பார்வையைத் திருப்பினார்.

கையூம் கூசிப்போனார். பெண்டாட்டிக்குச் செருப்புகூட வாங்கித் தர வக்கில்லாதவன் என்றல்லவா இந்த மனிதர் நினைப்பார்?

"பெருநாளைக்குப் புதுசு வாங்கிக் குடுத்திருக்கேனுங்க ஏட்டய்யா. கடிக்குதுன்னு எடுத்து வெச்சுட்டா" என்றார்.

ஏட்டின் முகம் மலர்ந்தது. "அதைத்தானுங்க பாய் நானும்…" என்று சொல்லிக்கொண்டே மஞ்சப்பைக்குள் கையை விட்டார்.

துப்பாக்கி வெளியே வரப்போகிறது. அதில் ஆஸிமின் வேகம் இருக்கும். வாசலில் தம்பிதுரை இருப்பார். கையூம் எதையும் யோசிக்கவில்லை.

"வெளிய எடுக்க வேண்டாமுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "நாந்தானுங்க. நாந்தான் ஓட்டினேன்."

ஏட்டின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. "நீங்களா?"

"நாந்தானுங்க."

"வெள்ளிக்கிழமை மத்தியானமா?"

அப்போதுதான் கையூமுக்குத் தான் சொன்னதன் இன்னொரு பாதி புரிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஈச்சனாரியில் இருந்தேன் என்றால் ஜும்மா தொழவில்லை என்று அர்த்தம். எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு தலை நன்றாக வெளியே வந்தது. மகனைக் காப்பாற்ற வேகத்தை ஒத்துக்கொண்டதோடு தொழுகையையும் விட்டாகிவிட்டது.

"ஆமாங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஏட்டு நரசிம்மலுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் துடியலூர்ப் பக்கத்துக்காரர். அங்கே வளர்ந்தவர்களுக்குப் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேச வராது. "அதில்லீங்க பாய்" என்று மட்டும் சொன்னார். அதற்குள் கையூம், குற்றத்தை ஒத்துக்கொண்டாலும் தனக்குச் சட்டம் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் அவசரத்துக்கு வந்துவிட்டிருந்தார். ரெண்டு சக்கர வண்டிக்கு ஐம்பதுதான் எல்லை என்றார். ஆள் ஏற்றும் பெரிய வண்டிக்கு ஒரு கணக்கு, பின்னால் தொட்டி கட்டிய வண்டிக்கு அதைவிடக் குறைவு, ஏனென்றால் முன்வண்டி நின்றாலும் பின்தொட்டிக்கு நிற்கும் எண்ணம் உடனே வராது என்றார். மழைக்குச் சட்டத்தில் எண் கிடையாது, அதைப் புத்தியில்தான் எழுதிக்கொள்ள வேண்டும் என்றார்.

சித்திகா சர்க்கரையோடு திரும்பி, டீயும் கொண்டுவந்து வைத்தாள். போகிறபோது, "ஏட்டய்யாவுக்கு நேரமாவுதோ என்னமோ. விடுங்களேன், போவட்டும்" என்றாள்.

"இரு. விளக்கிட்டு இருக்கேன்ல" என்றார் கையூம். தன் டீக் கிளாஸைக் கையில் எடுத்தார். "இப்ப பாருங்க. வேகம் ரெண்டு மடங்கானா, நிக்கறதுக்கும் ரெண்டு மடங்கு தூரம் போதும்னு எல்லாரும் நினைப்பாங்க. தப்புங்க. நாலு மடங்கு வேணும்." கிளாஸை டீப்பாய்மேல் மெதுவாகத் தள்ளினார். கொஞ்சம் நகர்ந்து நின்றது. "இது இருபத்தஞ்சு. இப்ப ஐம்பது பாருங்க."

டீப்பாய் கொஞ்சம் ஈரமாக இருந்தது. மழைக்குச் சட்டத்தில் எண் இல்லை என்று சொன்ன மனிதர் அதை மறந்துவிட்டார். கிளாஸ் டீப்பாயின் எல்லையைத் தாண்டி, நேராக ஏட்டின் மடிக்குப் போய், மஞ்சப்பைமேல் கவிழ்ந்தது.

சர்க்காரின் துப்பாக்கி. கோயமுத்தூருக்கே முதலில் வந்ததாக இருக்கும். அதன்மேல் இஞ்சி டீ.

"கெட்டுப்போச்சுங்களா?" என்றார் கையூம்.

ஏட்டு பையின் வாயை லேசாகத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் ஆவலீங்க. துடைச்சாப் போயிரும். தோலுதானுங்களே" என்றார்.

துப்பாக்கிக்குத் தோல் உறை போட்டிருக்கிறார்கள் போல. அரசாங்கம் முன்யோசனையோடுதான் இருக்கிறது. கையூம் தன் தோள் துண்டை எடுத்துப் பையைத் துடைக்கத் தொடங்கினார். ஏட்டு பதறிப் பையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அது இன்னும் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து உள் அறையிலிருந்து ஆஸிம் வந்தான். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்பது வேர்வையில் தெரிந்தது.

"சார், அத்தா பொய் சொல்றாங்க" என்றான். "வெள்ளிக்கிழமை அத்தா பள்ளிவாசல்ல முதல் சஃப்பு வரிசையில இருந்தாங்க. நான் கடைசி வரிசையில இருந்து பார்த்தேன்."

கையூமுக்கு முதலில் மகிழ்ச்சி. தொழுகை திரும்பிக் கிடைத்தது. மகனும் தொழுதிருக்கிறான். எதிர் வீட்டு ஜன்னலுக்குக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் ஆஸிம் அதோடு நிறுத்தவில்லை. தகப்பன் தனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டதைப் பார்த்து அவனுக்கு நெஞ்சு அடைத்துப்போயிருந்தது. நெஞ்சு அடைத்துப்போனவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

"நான் வெள்ளிக்கிழமை எடுக்கல சார். புதன்கிழமைதான் எடுத்தேன். அவினாசி ரோட்டுல. அறுபதுதான் போனேன்."

"அறுபதா?" என்றார் கையூம்.

"மூணு பேரு உக்காந்திருந்தோம் அத்தா. அதுக்கு மேல போகல."

"மூணு பேரா?"

"மழை பேஞ்சுட்டு இருந்துச்சு" என்றான் ஆஸிம், சமாதானமாக. "ரோட்டுல யாருமே இல்லை."

கையூம் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று பேர், மழை, அறுபது. ஒரே சவாரியில் இவ்வளவு விதிகளை உடைக்க முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை. இருபது வருஷம் அந்த வீட்டுச் சாப்பாட்டு நேரங்களில் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அந்தப் பிள்ளையின் காதில் எந்த வேகத்தில் போயிருக்கிறது என்று இப்போது தெரிந்தது.

"தம்பி, நான் கேட்டது அதில்லீங்க கண்ணு" என்று ஏட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து சித்திகாவின் குரல் வந்தது. "அவரு கிளம்பறாருங்க. வழி விடுங்க."

"எங்க கிளம்பறாரு? இன்னும் முடியல" என்றார் கையூம். இப்போது அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது: இந்தப் பேச்சை ஸ்கூட்டரிலிருந்து வேறு பக்கம் திருப்ப வேண்டும். "ஏட்டய்யா, வேகமாப் போறவங்களை நீங்க புடிக்கணும்னா பொள்ளாச்சி பஸ்ஸைப் புடிங்க. நான் சாட்சியோட சொல்றேன். அதே வெள்ளிக்கிழமை, என் சம்சாரம் கிணத்துக்கடவுல இருக்கற தங்கச்சிக்குப் பிரியாணி செஞ்சு, பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்து அனுப்பினா. சாயங்காலம் கொழுந்தியா போன் பண்றா: சட்டியைத் திறந்தா வாய் வேகற சூடுங்கறா. ஒரு சட்டி பிரியாணி ஆறுற கணக்கு எனக்குத் தெரியுங்க. உக்கடத்துல ஏத்தின பஸ்ஸு ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நின்னு, அந்தச் சூட்டோட கிணத்துக்கடவு போவணும்னா நடுவுல பறந்தாத்தான் முடியும். புகார் எழுதிக் குடுக்கலாம்னு இருந்தேன். இவதான் வேண்டாம்னுட்டா."

ஏட்டு திரைப் பக்கம் பார்த்தார். திரை அசையவில்லை. அவருக்கு என்னமோ இருமல் வந்துவிட்டது. தன் டீயைக் குடித்து இருமலை அடக்கிக்கொண்டார்.

"என் ஸ்கூட்டர் எந்திரிச்சு நடக்கறதே பெரிசுங்க" என்று கையூம் தொடர்ந்தார். "அது நாப்பதைத் தாண்டினா கழண்டுபோயிரும். இவன் அறுபதுங்கறது மீட்டர் முள்ளு ஆடினதா இருக்கும். நம்பலைன்னா அதைப் பார்க்கற மெக்கானிக்கையே கேளுங்க. ஆஸிம், போய்த் தாரிக்கைக் கூட்டிட்டு வா."

தாரிக் அந்தச் சந்து முனையில் பட்டறை வைத்திருப்பவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கையில் கிரீஸோடு வந்து, வாசலில் செருப்பை விட்டு, உள்ளே தொப்பியைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. கூட்டிவந்தவன் வழியில் என்ன சொன்னானோ தெரியாது. வேகம், போலீஸ், ஸ்கூட்டர் என்ற மூன்றும் அவன் காதில் விழுந்திருந்தன.

"தாரிக், நீயே ஏட்டய்யாகிட்டச் சொல்லு. நம்ம வண்டி எவ்வளவு போவும்?"

தாரிக் தலையைக் குனிந்துகொண்டான். "எம்பதுங்க பாய்."

ஏட்டு டீக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"என்னது?"

"எம்பது. போன மாசம் கார்பன் எடுத்து, கிளட்ச் பிளேட் மாத்தினதுல இருந்து சும்மா இழுக்குதுங்க. உங்க வண்டிதான் பாய் நம்ம ஏரியாவுலயே நல்ல கண்டிஷன்ல இருக்கறது. யாரும் ஓட்டித் தேய்க்கலையே. சர்வீஸ் முடிச்சா நான் ஒரு டிரையல் போவேன். குளத்து மேட்டுல எடுத்தா குறிச்சி ஸ்கூல் முக்கு வரைக்கும்." அவன் குரல் இறங்கியது. "வியாழக்கிழமை போனதுதான் கடைசிங்க ஏட்டய்யா. இனிமேல் தள்ளிட்டுத்தான் டிரையல் பார்ப்பேன்."

இப்படியாக ஒரு குற்றத்தை மறைக்கப் போய் அந்த அறையில் மூன்று குற்றவாளிகள் சேர்ந்துவிட்டார்கள். கையூம் செய்யாததை ஒத்துக்கொண்டிருந்தார். ஆஸிம் புதன்கிழமையை ஒத்துக்கொண்டான். தாரிக் வியாழக்கிழமையை. வெள்ளிக்கிழமை மட்டும் யாரும் உரிமை கொண்டாடாமல் நடுவில் அனாதையாக நின்றது. ஆனால் அதைக் கவனிக்கும் நிலையில் கையூம் இல்லை. அவர் காதில் "ஸ்கூல் முக்கு வரைக்கும்" என்பது மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்தது.

ஏனென்றால் அதைத் தாரிக் சொன்னபோது, வாசலில் வெள்ளை வேட்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது.

தம்பிதுரை எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. கூப்பிடாமல் ஒரு வீட்டுக்குள் நுழையக்கூடாது என்பதற்காக வெளியிலேயே நின்று, கூப்பிடும்வரை எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கையில் ஒரு சாவி, அதில் குட்டி பிளாஸ்டிக் யானை பொம்மை. பிள்ளைகளின் வேன் சாவி.

"வாங்க, வாங்க" என்று கையூம் எழுந்தார். தோள் துண்டில் இஞ்சி டீ வாசம் அடித்தது.

தம்பிதுரை உள்ளே வந்தார். டி.வி. மேல் இருந்த தொப்பியைப் பார்த்தார். ஆஸிமைப் பார்த்தார். தாரிக்கைப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தண்ணீர் வேண்டாம் என்று இரண்டு தடவை பணிவாகச் சொல்லிவிட்டு, சாவியை யாரும் கவனிக்காத மாதிரி சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். யானையின் தும்பிக்கை மட்டும் வெளியே தொங்கியது.

"தப்பா எடுத்துக்காதீங்க பாய்" என்றார். "முப்பத்தெட்டுக் குழந்தைங்க. அவங்க அம்மாமாருங்களுக்கு நான் பதில் சொல்லோணும். உங்க வண்டி முதுகுல இருக்கற இருபத்தஞ்சைப் பார்த்துத்தான் நான் உங்களைத் தேடி வந்தேன்."

கையூமால் தலையை நிமிர்த்த முடியவில்லை. வெளியே மங்கும் வெளிச்சத்தில் அந்த மஞ்சள் வட்டம் தெரிந்தது. இத்தனை நாள் அவர் பேர் சொல்லிக்கொண்டிருந்த வட்டம். இப்போது அதைப் பார்க்க ஊர் சிரிப்பது போல இருந்தது. நாளைக் காலை பால்காரர் மணி அடிப்பார். அப்போதும் அவர் வீட்டில்தான் இருப்பார்.

"நான் ஒரு நாளும் இருபத்தஞ்சைத் தாண்டினதில்லீங்க" என்றார். தன் குரலே தனக்குப் பொய் போலக் கேட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதற்கு நேர்மாறாகச் சொன்னதும் அதே வாய்தானே.

"இருக்கலாமுங்க" என்றார் தம்பிதுரை. "ஆனா சாவி தொங்கற ஊட்டையும் பார்க்கோணுமுங்களே. பையன் அறுபதுங்கறான். மெக்கானிக் எம்பதுங்கறாரு. நாளைக்கு வேன் சாவியும் இதே ஆணியிலதானே தொங்கும்?" என்று சுவரைக் காட்டினார். பிறகு மனம் கேட்காமல், எப்படியாவது சாவியைத் திரும்ப வெளியே எடுக்க ஒரு காரணம் கிடைக்காதா என்பது போலக் கேட்டார்: "ஏனுங்க பாய், இந்த ஊட்டுல மெதுவாப் போறவங்க, சொன்னாக் கேக்கறவங்கன்னு ஒருத்தராச்சும் இருக்கறாங்களா? அந்தச் சாவியைப் பத்திரமா வெச்சுக்க?"

கையூமுக்கு ஒரு நூல் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்காங்க" என்றார். தலை நிமிர்ந்தது. "என் சம்சாரம். சாவியை அவகிட்டக் குடுத்து வைக்கறேன். எனக்காக இல்லாட்டியும் அவளுக்காக நம்புங்க. கல்யாணமான நாள்ல இருந்து என் பின்னாடி உக்காந்து இருபத்தஞ்சுலயே வர்றவ. கொஞ்சம் வேகமாப் போங்கன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. வண்டி ஹேண்டிலை எந்தப் பக்கம் முறுக்கறதுன்னுகூட அவளுக்குத் தெரியாதுங்க."

தம்பிதுரையின் கை சட்டைப் பைக்குப் போனது. யானை மெல்ல மேலே வந்தது.

திரைக்குப் பின்னால் ஒரு தட்டு கீழே விழுந்து சுழன்று சுழன்று அடங்கியது.

எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள் என்று ஏட்டு நரசிம்மலுவுக்கு இப்போதுதான் உறுதியானது. எழுந்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மஞ்சப்பையிலிருந்து நியூஸ் பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்து, பேப்பரைப் பிரித்து, டீக்கறை படிந்த டீப்பாய்மேல் மரியாதையாக வைத்தார். பூ வேலைப்பாடு செய்த, புத்தம் புதிய, ஒற்றைப் பொம்பளைச் செருப்பு.

"இதைக் குடுத்துப்போட்டுப் போலாம்னுதானுங்க வந்தேன். ஈச்சனாரி ஸ்பீட் பிரேக்கர்ல எகிறி விழுந்துச்சு, விசிலடிச்சுக் கூப்பிட்டுப் பார்த்தனுங்க. அம்மணி போன வேகத்துக்கு விசிலு போய்ச் சேரலீங்க."